வாக்கின் எடை

ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். ஆண்டின் தொடக்கம். பள்ளிக்கு மாணவர் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை உள்ள பிள்ளைகள் அனைவரையும் திடலில் நிறுத்திக் கையுயர்த்தச் சொன்னால் ஆரவாரம் மிஞ்சுமேயன்றி முடிவு பிறக்காது எனக் கருதிய ஆசிரியர், வகுப்புக்கு ஒரு பேராளரை அனுப்புமாறு பணிக்கிறார். அறுவரும் கூடுகின்றனர். அப்பொழுது ஆறாம் ஆண்டு மாணவன் எழுந்து, "ஐயா, எங்கள் வகுப்பில் முப்பத்தாறு பேர், இரண்டாம் ஆண்டில் பன்னிரண்டே பேர். எனக்கும் அவனுக்கும் ஒரே வாக்குத்தானா?" என்று வினவுகிறான். இரண்டாம் ஆண்டுச் சிறுவனோ, "நாங்கள் சிலரே என்பதால் எங்களுக்கு வாக்கே இல்லையா, ஐயா?" என்று கண்கலங்கி நிற்கிறான்.

இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. பெரிய வகுப்பு தன் அளவுக்கேற்ற உரிமையைக் கேட்கிறது; சிறிய வகுப்பு தானும் கணக்கில் இருக்க வேண்டுமென்று கேட்கிறது. பேராளர் வழியே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும் இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்லியாக வேண்டும். பள்ளித் திடலில் எழும் இவ்வினாவையே, கோடிக்கணக்கான மக்களின் பொருட்டு, சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தை வகுத்த பெருமக்கள் எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட விடையே இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் முறையாகும்.

குடியரசின் தலைமகனை மக்கள் நேரே தேர்ந்தெடுத்தால் என்ன என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. வயது வந்தோர் அனைவரும் நேரடியாக வாக்களிக்க வேண்டும் என்று பேராசிரியர் கே.டி. ஷா வாதிட்டார். ஜவாஹர்லால் நேருவின் கருத்து வேறாக இருந்தது. ஆட்சி அதிகாரம் அமைச்சரவையிடமும் மக்கள் மன்றத்திடமும் இருக்கும் நாட்டில், தலைவரை மட்டும் நாடு முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து, பின்னர் உண்மையான அதிகாரத்தை அவருக்கு அளிக்காமல் இருப்பது பொருந்தாது என்பது அவர் வாதம். கோடிக்கணக்கானோர் நேரே தந்த ஆணையை ஏந்தியவர் அமைச்சரவையின் அறிவுரைக்கு அடங்கி நிற்பது எளிதன்று. 1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் வாக்காளர் தொகை ஏறத்தாழ 17 கோடி. அத்தகைய பெருந்தேர்தலை இன்னுமொரு முறை நடத்துவதன் பளுவும் எண்ணிப் பார்க்கப்பட்டது.

அதிகாரத்தின் அளவுக்கும் தேர்தலின் வகைக்கும் உள்ள இந்தத் தொடர்பு சிங்கப்பூர் வாசகர்க்குப் புதிதன்று. அங்கும் நெடுங்காலம் அதிபரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்து வந்தது. நாட்டின் சேமிப்பைக் காக்கும் பொறுப்பு 1991ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் அப்பதவிக்கு வந்து சேர்ந்தபோது மக்களின் நேரடி வாக்கும் உடன் வந்தது. 1993இல் முதல் நேரடித் தேர்தல் நடந்தது. இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அத்தகைய தனி அதிகாரம் தரப்படவில்லை. ஆகவே மக்கள் தம் பேராளர் வழியாகவே அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். நேரடித் தேர்தலுக்காக வாதிட்ட கே.டி. ஷாவே 1952இல் அதே மறைமுகத் தேர்தலில் இராஜேந்திர பிரசாத்தை எதிர்த்துப் போட்டியிட்டார் என்பது வரலாற்றின் சுவையான திருப்பம். பிரசாத் 5,07,400 பெற்று வென்றார். ஷா 92,827 பெற்றார்.

இவ்வெண்களைக் காணும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சில ஆயிரம் பேராளர் மட்டுமே வாக்களிக்கும் தேர்தலில் இலட்சக் கணக்கு எங்கிருந்து வந்தது? இந்த முறையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. இத்தேர்தலில் வாக்குகளை எண்ணுவதோடு நின்றுவிடுவதில்லை. அவற்றை நிறுத்தும் பார்க்கின்றனர்.

வாக்களிப்போர் கூட்டம் வாக்காளர் குழாம் எனப்படும். நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் அதில் அடங்குவர். 1992ஆம் ஆண்டின் 70ஆம் திருத்தத்தால் டில்லி, புதுச்சேரிச் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்க்கப்பட்டனர். நியமன உறுப்பினர்களுக்கு இங்கே இடமில்லை. கலைஞராயினும் அறிஞராயினும், மக்கள் வாக்கு பின்னின்று அனுப்பாதவர் மக்கள் சார்பில் வாக்களித்தல் முறையன்று என்பது அதன் உட்பொருள்.

சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள்தொகையை அச்சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மிச்சம் 500க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்டப்படும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கூடச் செய்து பார்க்கத்தக்க கணக்குத்தான். 1971ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி தமிழகத்தின் மக்கள்தொகை 4,11,99,168. சட்டமன்ற உறுப்பினர் 234 பேர். ஆகவே தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை 8,38,49,905. உறுப்பினர் 403 பேர். அங்கு ஒரு வாக்கின் மதிப்பு 208. இமயத்தின் மடியில் கிடக்கும் சிக்கிமின் மக்கள்தொகை 2,09,843. உறுப்பினர் 32 பேர். வகுத்தால் 6 வருகிறது, மிச்சம் 557. அந்த மிச்சமும் வீணாவதில்லை. சிக்கிம் உறுப்பினரின் வாக்கு 7 ஆகிறது. ஆறாம் ஆண்டு மாணவன் கேட்ட நியாயமும் இரண்டாம் ஆண்டுச் சிறுவன் கேட்ட நியாயமும் இந்த ஒரே வகுத்தற் கணக்கில் அடங்கிவிடுகின்றன.

அடுத்து வருவது நடுவண் மன்றத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான சமநிலை. குடியரசுத் தலைவர் டில்லிக்கு மட்டும் உரியவர் அல்லர், மாநிலங்களுக்கும் உரியவர். ஆகையால் எல்லா மாநில உறுப்பினரின் வாக்கு மதிப்பையும் கூட்டி, அத்தொகையை நாடாளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தொகையால் வகுத்து, அவர்தம் வாக்கு மதிப்பைக் காண்கின்றனர். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர் 4,033 பேரின் மொத்த மதிப்பு 5,43,231. நாடாளுமன்ற உறுப்பினர் 776 பேர். ஒருவர்க்கு 700 வீதம் அவர்களின் மொத்த மதிப்பு 5,43,200. துலாக்கோலின் இரு தட்டுகளுக்கும் இடையே வேறுபாடு வெறும் 31! முந்திய தேர்தலில் 708 ஆக இருந்த மதிப்பு 700 ஆகக் குறைந்ததற்கும் காரணம் உண்டு. ஜம்மு காஷ்மீரில் அப்பொழுது சட்டமன்றம் இல்லை. ஒரு நிலப்பகுதியின் குரல் அடங்கியிருந்ததை அந்த எட்டு எண்களின் குறைவு ஒளியாமல் காட்டிவிட்டது.

வாக்களிக்கும் முறையும் அறியத்தக்கது. நாடாளுமன்ற உறுப்பினர்க்குப் பச்சை நிற வாக்குச்சீட்டு. சட்டமன்ற உறுப்பினர்க்கு இளஞ்சிவப்பு நிறச் சீட்டு. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 எனத் தம் விருப்ப வரிசையை எண்ணால் குறிக்க வேண்டும். சொல்லால் எழுதினால் அது செல்லாது. முதல் விருப்பத்தைக் குறிப்பது கட்டாயம். மற்றவை அவரவர் விருப்பம். செல்லத்தக்க வாக்கு மதிப்பில் பாதியோடு ஒன்று சேர்ந்த அளவை எட்டுபவரே வெற்றி பெறுவார். எவரும் எட்டவில்லையாயின் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவர் பெற்ற சீட்டுகளை அடுத்த விருப்பத்தின்படி ஏனையோர்க்கு மாற்றுவர். வாக்கு இரகசியமானது. இன்னாருக்கு வாக்களிக்க வேண்டுமென்று கட்சிக் கொறடா ஆணையிடவும் இயலாது. மறைப்புக்குள்ளே உறுப்பினரும் அவர்தம் மனச்சான்றும் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் விருப்பம்.

அந்த மனச்சான்று 1969இல் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். காங்கிரசுக் கட்சி நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக அறிவித்தது. துணைத் தலைவராய் இருந்த வி.வி. கிரி பதவி விலகித் தனித்துப் போட்டியிட்டார். சி.டி. தேஷ்முக்கும் களத்தில் இறங்கினார். மொத்த வேட்பாளர் 15 பேர். அந்நிலையில் தலைமை அமைச்சர் இந்திரா காந்தி, தம் கட்சியினர் மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தார். கட்சி ஒன்று சொல்ல, அக்கட்சியின் தலைமை அமைச்சர் வேறொன்று சொல்ல, உறுப்பினர்கள் இருதலைக்கொள்ளி எறும்பென நின்றனர். தமிழகத்தில் அப்பொழுது ஆட்சியிலிருந்த திராவிட முன்னேற்றக் கழகம் கிரியை ஆதரித்தது.

ஆகஸ்டு 16ஆம் நாள் வாக்குப்பதிவு. 20ஆம் நாள் எண்ணிக்கை. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியதோ 4,18,169. முதலில் நின்றவரும் எல்லையைத் தொடவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டனர். அவர்களின் சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் புரட்டப்பட்டன. ரெட்டியின் கணக்கு ஏறிக்கொண்டே வந்தது. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என முடிவு வெளிவந்தது. முதல் விருப்பத்தில் ஏறத்தாழ 88,000 ஆக இருந்த இடைவெளி 14,650 ஆகச் சுருங்கிற்று. தோற்கும் வேட்பாளருக்கு வாக்களித்தவனின் இரண்டாம் விருப்பமும் ஒரு நாட்டின் தலைவரைத் தீர்மானிக்க வல்லது என்பதை உலகம் அன்று கண்டது.

அவ்வாண்டின் இறுதிக்குள் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. மனச்சான்றுக்குக் கிடைத்த வெற்றியென்று ஒரு சாரார் போற்றினர். கட்சிக் கட்டுப்பாட்டுக்கு நேர்ந்த கேடென்று மற்றொரு சாரார் வருந்தினர். எண்கள் இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வதில்லை. எவர் எதற்காக மை தொட்டார் என்பது அவரவர் நெஞ்சுக்கே வெளிச்சம். தோற்ற சஞ்சீவ ரெட்டியைக் காலம் கைவிட்டுவிடவும் இல்லை. 1977இல் அவரே போட்டியின்றிக் குடியரசுத் தலைவர் ஆனார்.

மலாயாத் தமிழர் நெஞ்சுக்கு நெருக்கமான தேர்தல் 2002ஆம் ஆண்டினது. ஒரு புறம் இராமேசுவரத்தில் பிறந்த அறிவியலறிஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். மறுபுறம் சென்னையில் பிறந்து, 1940இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் பார்த்து, 1943இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் இலட்சுமி. அப்படையில் துப்பாக்கி ஏந்திய மங்கையருள் பலர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள். இடதுசாரிக் கட்சிகள் நிறுத்திய வேட்பாளராக அவர் களம் புகுந்தபோது அவருக்கு வயது 87. பெருங்கட்சிகள் பலவும் கலாமின் பக்கம் நின்றமையால் முடிவு முன்னரே தெரிந்த ஒன்று. கலாமுக்கு 9,22,884, இலட்சுமிக்கு 1,07,366. ஆயினும் அந்த 1,07,366ஐச் சுழி என்று தள்ளுவதற்கில்லை. தோல்வி உறுதி என்று அறிந்தும் ஒரு கருத்துக்காக நிற்பவர்க்கு வாக்களிப்போர் இருக்கும்வரை, தேர்தல் வெறுஞ்சடங்கு ஆகிவிடாது.

மறைமுகத் தேர்தலின் நிறைகோலில் இன்னுமொரு கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. மேலே தரப்பட்ட கணக்குகளில் 1971ஆம் ஆண்டின் மக்கள்தொகையே ஆளப்பட்டிருப்பதைக் கூர்த்த மதியுடைய மாணவர் கண்டிருப்பர். 2022ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு ஐம்பதாண்டுக்கு முந்திய கணக்கு ஏன்?

1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் அத்தொகையை அப்படியே நிலைநிறுத்திற்று. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தச் சட்டம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பின் விவரம் வெளிவரும்வரை அந்நிலையை நீட்டித்தது. குடும்ப நலத் திட்டத்தைச் செவ்வனே நிறைவேற்றி மக்கட் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள், அந்த நற்செயலின் பொருட்டே நாட்டில் தம் குரலை இழத்தல் ஆகாது என்பது அதன் நோக்கம்.

இழப்பின் அளவைக் கணக்கிட்டே காட்டலாம். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழகத்தின் மக்கள்தொகை 7,21,47,030. உத்தரப் பிரதேசத்தினது 19,98,12,341. இவற்றை அதே வாய்பாட்டில் இட்டால், தமிழக உறுப்பினரின் வாக்கு 308 ஆகவும், உத்தரப் பிரதேச உறுப்பினரின் வாக்கு 496 ஆகவும் வரும். 1971ஆம் ஆண்டின் அளவுகோலில் அங்கு நூறு என்றால் இங்கு எண்பத்தைந்து. 2011ஆம் ஆண்டின் அளவுகோலில் அங்கு நூறு என்றால் இங்கு அறுபத்திரண்டு. சிறு குடும்பம் சீரான வாழ்வு எனக் கேட்டு நடந்த தாய்மாரின் கட்டுப்பாடு, அவர்தம் மாநிலத்தின் வாக்கை இத்துணை எடை குறையச் செய்யுமாயின் அது நியாயமாகுமா என்று தமிழகத்தார் கேட்பதில் பொருள் இருக்கிறது.

ஆயினும் ஆசிரியர் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக் கரும்பலகையைத் துடைத்துவிடலாகாது. உத்தரப் பிரதேசத்துச் சிற்றூரில் 1971க்குப் பின் பிறந்த உழவன் ஒருவன், "நான் இந்நாட்டில் பிறந்தவன் அல்லனா? என்னை ஏன் அந்தத் தராசில் வைக்கவில்லை?" என்று கேட்டால் அவனுக்கும் விடை சொல்ல வேண்டும். ஒருவர்க்கு ஒரு மதிப்பு என்ற நீதி ஒரு பக்கம். கடமையைச் செய்தவர் தண்டிக்கப்படலாகாது என்ற நீதி மறுபக்கம். நீதிக்கும் அநீதிக்கும் இடையே தேர்ந்தெடுப்பது எளிது. இரண்டு நீதிகள் எதிரெதிரே நிற்கும்போதுதான் நாட்டின் பெருந்தன்மைக்குச் சோதனை வருகிறது. வகுத்தற் கணக்கு இதற்கு விடை தராது. எண்களுக்கு அப்பாலும் ஒருவரையொருவர் மதிக்கும் மனமே விடை தர வேண்டும்.

இவ்வளவு நுணுகி அமைத்த முறையை வாக்களிப்போர் எவ்வாறு போற்றுகின்றனர் என்பதும் காணத்தக்கது. 2022 ஜூலையில் நடந்த தேர்தலில் பதிவான வாக்குச் சீட்டுகள் 4,754. திரௌபதி முர்மு 2,824 சீட்டுகளில் 6,76,803 மதிப்பும், யஷ்வந்த் சின்கா 1,877 சீட்டுகளில் 3,80,177 மதிப்பும் பெற்றனர். ஒடிசாவின் சந்தாலிப் பழங்குடியில் பிறந்து, ஆசிரியப் பணியும் ஆற்றிய ஒரு பெண்மணி நாட்டின் தலைமை இருக்கையில் அமர்ந்தார். பெருமைக்குரிய நாள் அது. ஆனால் எஞ்சிய 53 சீட்டுகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன.

அவற்றை இட்டவர்கள் எழுத்தறியாப் பாமரர் அல்லர். சட்டம் இயற்றும் மன்றங்களின் உறுப்பினர்கள். அவர்களுக்குரிய வேலையோ ஒரு பெயருக்கு நேரே '1' என்று எழுதுவதுதான். கவனக்குறைவோ, வேண்டுமென்றே செய்ததோ, சீட்டு வீணாயிற்று. அது தமிழக உறுப்பினர் ஒருவருடையதாயின் வீணானது 176. நாடாளுமன்ற உறுப்பினருடையதாயின் 700. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஆயிரம் பேர் நிற்கின்றனர் என்பதை நினைந்தால், அந்தச் சீட்டு மடிக்கப்பட்டபோது எத்தனை வாய்கள் அடைபட்டன என்பது விளங்கும்.

நேரடித் தேர்தலில் ஒருவன் தன் வாக்கை வீணாக்கினால் அது அவனோடு போயிற்று. மறைமுகத் தேர்தலில் வாக்களிப்பவன் கையில் இருப்பது பிறர் பொருள். அடைக்கலமாகக் கொடுத்த பொருளைக் காப்பவனுக்கு உள்ள பொறுப்பு அவனுக்கும் உண்டு. அரசியல் சட்டம் ஒவ்வொரு வாக்கையும் நிறுத்துப் பார்த்து மதிப்பிடுவது, கையில் ஏந்தியிருப்பது தனதன்று என்று அவனுக்கு நினைவூட்டுவதற்கே என்று கொள்வதும் பொருந்தும்.

தமிழ்ப்பள்ளித் திடலுக்குத் திரும்பலாம். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டுகிறார். ஆறாம் ஆண்டுப் பேராளனின் வாக்கு மூன்று. இரண்டாம் ஆண்டுப் பேராளனின் வாக்கு ஒன்று. பெரியவன் மகிழ்ச்சியோடு அமர்கிறான். சிறியவன் சற்று நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பிறகு, "ஐயா, நான் வகுப்புக்குப் போய், யாருக்குப் போடலாம் என்று எல்லாரையும் கேட்டுவிட்டு வரட்டுமா?" என்கிறான். அவன் கையில் இருப்பது ஒரே வாக்குத்தான். ஆயினும் அதில் பன்னிரண்டு பேர் இருப்பதை அவன் அறிந்துகொண்டான். அவனைப் போய்வருமாறு ஆசிரியர் தலையசைக்கிறார், ஏனையோர் காத்திருக்கின்றனர்.